கரைந்ததும் படிந்ததும்

தமிழ்நாட்டின் ஆற்றங்கரை ஊர்களிலிருந்து பெங்களூருக்குக் குடியேறியவர்களின் வீட்டில், முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு சிறு வியப்பு நிகழ்வதுண்டு. வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறமான ஓடு ஒன்று படிந்து, தேய்த்தாலும் போகாமல் நிற்கும். நகராட்சிக் குழாயில் வரும் காவிரி நீரைப் பயன்படுத்துவோர் இதை அவ்வளவாகக் காண்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி வாழும் புறநகர்வாசிகள் இதை நன்கறிவர். நாமும் மாற்றலாகி வந்த புதிதில் அத்தகைய வீடொன்றில் குடியிருந்தோம். ஆறு மாதத்தில் பாத்திரத்தின் அடியிலிருந்து பெயர்ந்து வந்த ஓட்டுத்துண்டு முட்டையோட்டைவிடத் தடிப்பாக இருந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தபோது நுரைத்துக் கரைந்தது. அஃது அழுக்கன்று, சுண்ணாம்புக்கல் என்பது அப்போது விளங்கிற்று.

தெளிந்த நீரிலிருந்து கல் எங்ஙனம் வந்தது? மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது பாறையிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிகட்டினாலும் அகப்படுவதில்லை. நீரைக் கொதிக்க வைத்தவுடன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அதன் துணையாலேயே கரைந்து நின்ற கால்சியம் இப்போது கரைந்திருக்க வழியின்றிக் கல்லாகி அடியில் படிகிறது. கரைசலிலிருந்து இவ்வாறு திடப்பொருள் பிரிந்து வீழ்வதை வீழ்படிவு என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன.

இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க இயலவில்லை. அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவது நம் தொழில். ஆங்கிலத்தில் ‘பிரெசிபிடேஷன்’ என்னும் ஒரே சொல் மழை பெய்வதையும் குறிக்கும், கரைசலில் திடப்பொருள் பிரிவதையும் குறிக்கும். பல ஆண்டுகளுக்கு முன் ஆலைக் கழிவுநீர் பற்றிய அறிக்கை ஒன்று அவசரமாக நம் மேசைக்கு வந்தது. அதன் முதல் வரைவில், கழிவுநீரில் சுண்ணாம்பைக் கலந்தால் மழைப்பொழிவு உண்டாகும் என்று எழுதிவிட்டோம். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, அப்படியானால் வறட்சி மாவட்டங்களுக்கெல்லாம் ஒரு மூட்டை சுண்ணாம்பு அனுப்பிவிடலாமே என்றார். அன்றைய வெட்கமே இப்பொருளைச் சற்று ஆழ்ந்து பயிலத் தூண்டியது எனலாம்.

வீழ்படிவுக்கு உடன்பிறந்ததொன்று உண்டு. அது படிகமாதல். இரண்டிலும் நிகழ்வது அடிப்படையில் ஒன்றே. நீர் தன்னால் தாங்கக்கூடிய அளவைக் கடந்து ஒரு பொருளைத் தாங்கி நிற்கும்போது, மிகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளுவது அவசரமாக நிகழ்ந்தால் நுண்ணிய தூளாகவோ சேறாகவோ வீழ்கிறது. பொறுமையாக நிகழ்ந்தால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, பட்டை தீட்டியதுபோன்ற படிகம் வளர்கிறது.

இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் காண விரும்புவோர் உடன்குடிப் பக்கத்துப் பனங்கற்கண்டுத் தொழிலை நினைத்துப் பார்க்கலாம். பதநீர் புளித்துப்போகாமலிருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். கற்கண்டு காய்ச்சுவதற்குமுன் அந்தச் சுண்ணாம்பை நீக்கியாக வேண்டும். அதற்குச் சூப்பர் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் கூடிக் கரையாத பொருளாகி அடியில் தங்க, தெளிந்த பதநீரை வடித்தெடுக்கிறார்கள். இது வீழ்படிவு. பின் அதைப் பாகாகக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றி, உள்ளே நூல்களைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைக்கிறார்கள். நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளர்கிறது. இது படிகமாதல். இடையில் ஆவல் மிகுந்து தொட்டியை ஆட்டிவிட்டால் பெரிய கற்கண்டுக்குப் பதிலாகப் பொடிச் சர்க்கரையே மிஞ்சும். உலகின் மாபெரும் இரசாயனத் தொழிற்சாலைகளில் பொறியாளர்கள் கருவிகளைக் கொண்டு காத்துவரும் விதியும் இதுவே.

தூத்துக்குடி உப்பளத்தில் இன்னொரு நுட்பத்தைக் காணலாம். கடல் நீரில் பல உப்புகள் கலந்துள்ளன. வெயிலில் நீர் வற்ற வற்ற அவை எல்லாம் ஒருசேர வீழ்வதில்லை. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அதன்பின் நாம் உண்ணும் உப்பு என்று முறை வைத்துக்கொண்டு பிரிகின்றன. உப்புக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் ஏறத்தாழ 25 பாகை வரும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. 29, 30 பாகைக்கு மேல் விட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். ஆகவே எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். எதை எப்போது விழவிடுவது, எதை விழாமல் தடுப்பது என்னும் தேர்வுதான் இத்தொழிலின் உயிர்நாடி.

இனிக் குடிநீருக்கு வருவோம். பெங்களூருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. தொரெகாடனஹள்ளி என்னும் இடத்தில் அதைச் சுத்திகரித்து, மூன்று கட்டங்களாக ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு இறைத்து நகருக்கு அனுப்புகிறார்கள். இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974-ஆம் ஆண்டிலும், ஐந்தாம் கட்டம் 2024-ஆம் ஆண்டு அக்டோபரிலும் தொடங்கப்பெற்றன. மழைக்காலத்தில் ஆற்றுநீர் செம்மண் கலங்கலாக வரும். அக்களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒவ்வொன்றும் எதிர் மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, நாட்கணக்கில் வைத்திருந்தாலும் முழுவதும் தெளியாமல் மிதந்துகொண்டே இருக்கும்.

படிகாரத்தின் பணி இங்கேதான் தேவைப்படுகிறது. பெயரிலேயே படிகத்தைச் சுமந்து நிற்கும் அதே படிகாரந்தான். நீர் நிலையங்களில் அதன் நெருங்கிய உறவான அலுமினியம் சல்பேட்டையோ அதைப் போன்ற வேறொரு அலுமினிய உப்பையோ பயன்படுத்துவது உலக வழக்கம். நீரில் இட்டவுடன் அலுமினியம் நீரிலுள்ள காரத்தோடு கூடி, பஞ்சுபோன்ற வெண்மையான வீழ்படிவாகிறது. மிதக்கும் களிமண் துகள்களின் பகைமையைத் தணித்து, அவற்றைத் தன் மடியில் சேர்த்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. இதற்கு நீர் ஏறத்தாழ நடுநிலைத் தன்மையில் இருக்க வேண்டும். அமிலமோ காரமோ மிகுந்துவிட்டால் அலுமினியம் வீழாமல் கரைந்தே நின்றுவிடும். நம் பாட்டிமார் கலங்கிய நீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. அங்கே கொட்டையிலுள்ள பசைப்பொருள் துகள்களை ஒன்றாகக் கட்டுகிறது. புதிய வீழ்படிவு எதுவும் உண்டாவதில்லை. அந்த அளவுக்கு வேறுபாடு.

கடின நீரை மென்மையாக்குவதற்கு ஒரு வேடிக்கையான வழியை ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841-இல் காப்புரிமை பெற்று வெளியிட்டார். சுண்ணாம்பு மிகுந்த நீரில் மேலும் சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டும் என்பதே அவ்வழி! கேட்போர் நகைத்திருக்கக்கூடும். ஆயின் கணக்கு சரியானது. நீற்றிய சுண்ணாம்பு, நீரில் கரைந்துள்ள கரியமிலப் பொருளைக் கவர்ந்துகொள்கிறது. உடனே ஏற்கெனவே கரைந்திருந்த சுண்ணாம்பும், புதிதாகச் சேர்த்த சுண்ணாம்பும் ஒருங்கே கரையாத கல்லாகி வீழ்ந்துவிடுகின்றன. அளவு தப்பிச் சற்று அதிகமாகச் சேர்த்துவிட்டால் மட்டும் எஞ்சிய சுண்ணாம்பு நீரிலேயே நின்று, தீர்க்க வந்த குறையையே மீண்டும் உண்டாக்கும். பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் இப்போது வைத்துள்ள மென்னீர்க் கருவி இம்முறையைச் சேர்ந்ததன்று. அது பிசின் மணிகளைக் கொண்டு கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மணிகள் களைத்துப்போனால் உப்புநீரால் கழுவுகிறார்கள். கழுவிய உப்புநீர் சாக்கடைக்குப் போகிறது.

எங்கே போகிறது என்னும் இக்கேள்வியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் சென்று கோலார் தங்கவயலில் நின்றால், அக்கேள்விக்கு ஒரு விடை குன்றாகக் குவிந்திருப்பதைக் காணலாம்.

தங்கவயலைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தபின் சுரங்கத் தொழில் பெருகிற்று. வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளரே அந்நகரின் பெரும்பகுதியை உருவாக்கினர். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் சென்றது தங்கவயலுக்கே. பெங்களூர் நகருக்கு விளக்கெரிந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இவ்வளவும் பலர் அறிந்தவை. பாறையிலிருந்து தங்கம் எவ்வாறு பிரிந்தது என்பதை அறிந்தோர் குறைவு.

பாறையைப் பொடியாக்கி, பாதரசம் பூசிய தகடுகளின்மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பற்றவைப்பது பழைய முறை. பருந்தங்கம் அதில் அகப்படும். மிக நுண்ணிய தங்கம் நழுவிச் சேற்றோடு போய்விடும். 1887-இல் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தர் என்பவரும் ஃபாரஸ்ட் சகோதரர் இருவரும் ஒரு முறையைக் காப்புரிமை செய்தனர். ஆயிரத்தில் ஓரிரு பங்கே சயனைடு கலந்த நீர், காற்றின் துணையோடு தங்கத்தைக் கரைத்துவிடும் என்று கண்டனர். உலகில் எளிதில் எதற்கும் இணங்காத உலோகம் என்று பெயரெடுத்த தங்கம், இந்த மெலிந்த நஞ்சுநீரில் சர்க்கரைபோல் கரைந்தது. கரைசலில் சுண்ணாம்பைச் சேர்த்துக் காரமாகவே வைத்திருக்க வேண்டும். அமிலமாகிவிட்டால் கொடிய நச்சுவாயு கிளம்பும்.

கரைந்தாயிற்று. இனி மீட்க வேண்டும். இங்கேதான் வீழ்படிவு நுழைகிறது. தங்கம் கரைந்த நீரில் துத்தநாகத்தை இட்டால், துத்தநாகம் கரைசலுக்குள் இறங்கித் தன் இடத்தில் தங்கத்தை வெளியே தள்ளிவிடுகிறது. தொடக்கத்தில் துத்தநாகச் சீவல்களைப் பெட்டிகளில் அடைத்து அவற்றினூடே கரைசலை ஓடவிட்டனர். பின்னர் அமெரிக்கரான மெரில் துத்தநாகத் தூளைக் கையாண்டார். குரோ என்பவர் அதற்கு முன்னதாகக் கரைசலிலுள்ள காற்றை வெற்றிடக் கலத்தில் உறிஞ்சி நீக்கும் வழியைச் சேர்த்தார். இதில் ஒரு விந்தை உண்டு. தங்கம் கரைவதற்குக் காற்று இன்றியமையாதது. அதே தங்கம் வீழ்வதற்குக் காற்று இருக்கவே கூடாது. இருந்தால் வீழ்ந்த தங்கம் மீண்டும் கரையும், துத்தநாகமும் வீணாகும்.

இவ்வாறு வீழ்ந்த தங்கம் பார்ப்பதற்கு எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கருஞ்சேறுபோல் இருக்கும். அறியாதவர் காலில் பட்டால் கழுவிவிடுவர். கந்தகாமிலத்தால் எஞ்சிய துத்தநாகத்தைக் கரைத்தெடுத்து, வெண்காரம் சேர்த்து உலையில் உருக்கிய பின்னரே மஞ்சள் நிறம் தோன்றும். இக்காலத்தில் உலகின் பல சுரங்கங்களில் துத்தநாகத்திற்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டெடுத்த கரியைப் பயன்படுத்துகின்றனர். கரைந்த தங்கத்தைச் சிரட்டைக் கரி தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது.

தங்கம் மீண்டது. மண் என்னாயிற்று? சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் மூன்று கிராம் அளவில்தான் தங்கம் இருந்தது. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட பாறையைத் தோண்டி, இடித்து, மாவாக அரைத்து, சயனைடு நீரில் ஊறவைத்துப் பின்பு கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்ஙனம் கொட்டிய மண் மூன்று கோடி டன்னுக்கு மேலிருக்கும். சயனைடு என்னும் பெயராலேயே இன்றும் வழங்கும் அக்குன்றுகளை ரயிலிலிருந்தே பார்க்கலாம். சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடக்கூடியது. ஆனால் மாவாக அரைபட்ட பாறைத்தூள் சிதைவதில்லை. நம் அலுவலகத்தில் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஊரிகத்தில் பிறந்தவர். நாள்தோறும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு வந்து போகிறவர். தந்தையார் மில்லில் வேலை பார்த்தவர். “காற்றடிக்கிற மாதங்களில் எங்கள் அம்மா தண்ணீர்ப் பானைக்கு இரட்டைத் துணி கட்டுவாள், சார். அப்படியும் காலையில் பானையின் அடியில் வெள்ளையாய் ஒரு படிவு இருக்கும்” என்றார். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிந்ததும் வெள்ளைதான். ஆயினும் அதை நாம் எலுமிச்சையால் கரைத்துவிட்டோம். பாறைத்தூள் எலுமிச்சைக்குக் கரைவதில்லை. அது நுரையீரலில் தங்குவது.

வீழ்படிவாக்குவது ஒரு பொருளை இல்லாமற் செய்வதன்று. நீரிலிருந்ததைச் சேற்றுக்கு மாற்றுவதே அது. விலையுயர்ந்தது வீழ்ந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். விலையற்றது வீழ்ந்தால் ஊருக்கு வெளியே கொட்டுகிறோம்.

பெங்களூரின் வடமேற்கேயுள்ள பீன்யாவில் இந்த உண்மை வேறு வண்ணத்தில் தென்படுகிறது. அங்கே சிறுதொழிற்கூடங்கள் நெருங்கியுள்ளன. அவற்றில் உலோகப் பொருள்களுக்கு மின்முலாம் பூசும் பட்டறைகள் பல. தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கே பணிபுரிவோரும் உளர். குழாய், கைப்பிடி, வண்டி உறுப்பு முதலியவற்றில் நாம் விரும்பும் பளபளப்பைத் தருவது குரோமியம். தொட்டியிலிருந்து எடுத்த பொருளைக் கழுவும்போது மஞ்சள் நிறமான குரோமிய நீர் ஒழுகுகிறது. இது ஆறு இணைதிறன் கொண்ட வகை. எளிதில் கரைவது, மண்ணினூடே நெடுந்தூரம் செல்வது, புற்றுநோயை விளைக்க வல்லது. இவ்வட்டாரத்து நிலத்தடி நீரில் இது இருக்கத் தகாத அளவில் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீரில் எல்லா வகைக் குரோமியமும் சேர்ந்து லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இதை நீக்கும் முறை எளிதாகவே தோன்றும். முதலில் நீரை அமிலமாக்கி, அதாவது பி.எச். எண்ணை 2 அல்லது 3-க்குக் கொணர்ந்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டைச் சேர்க்க வேண்டும். மஞ்சள் நீர் பச்சையாக மாறும். ஆறிணைதிறன் குரோமியம் மூவிணைதிறன் வகையாக மாறியதன் அடையாளம் அது. பின்பு சுண்ணாம்பைச் சேர்த்து பி.எச். எண்ணை 8-க்கும் 9-க்கும் இடையே உயர்த்தினால் பசுமையான வீழ்படிவு இறங்கும். முதற்படியைத் தாண்டி நேரே சுண்ணாம்பைக் கொட்டுபவர் எவ்வளவு கொட்டினாலும் மஞ்சள் நிறம் மாறாது. குரோமியம் ஒரு துளியும் வீழாது.

இவ்விடத்தில் உப்பளத்தில் கண்ட முறைமை நினைவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு உலோகத்திற்கும் அது வீழும் நிலை ஒன்று உண்டு. நிக்கல் நன்றாக வீழ பி.எச். எண் 10 வரை செல்ல வேண்டும். அந்த அளவைக் கடந்து காரம் ஏற ஏற, ஏற்கெனவே வீழ்ந்த குரோமியமும் துத்தநாகமும் மீண்டும் கரையத் தொடங்கும். ஆகவே எல்லாக் கழிவுநீரையும் ஒரே தொட்டியில் கலந்து, கண்மதிப்பில் சுண்ணாம்பைக் கொட்டுபவர் ஒன்றைப் பிடிக்கப்போய் மற்றொன்றை நழுவவிடுவார். தனித்தனியே பிடித்துத் தனித்தனியே வீழ்த்துவதே தக்கது. சிறு பட்டறைக்கு அதற்கு வேண்டிய இடமும் இல்லை, பணமும் இல்லை, பி.எச். எண்ணை நாள்தோறும் பார்த்துக்கொள்ளும் ஆளும் இல்லை. குற்றம் முழுவதையும் பட்டறைக்காரர் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பது நம் கருத்து. பளபளப்பை மலிவாகக் கேட்பவர்கள் நாம்.

வீழ்ந்த பச்சைச் சேற்றை அழுத்தி வடித்தாலும் அதில் பாதிக்கு மேல் நீரே இருக்கும். அதனை அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தி, தாபஸ்பேட்டை அருகே இதற்கென அமைத்துள்ள, அடியில் நீர் கசியாத தளமிட்ட நிலக்கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அனுப்பும் செலவுக்கு அஞ்சி இரவோடிரவாக ஏதேனும் ஓடையில் கவிழ்த்துவிட்டால், மழை பெய்யும்போது முதலிலிருந்து கதை தொடங்கும்.

பொறுமையான முறைக்கு, அதாவது படிகமாக்கலுக்கு, இங்கே இடமில்லையா என்று கேட்கலாம். உண்டு. திருப்பூரில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையின் நீர் உழவுக்குப் பயன்படாமற் போய், 2011-இல் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு துளியையும் வெளியே விடலாகாது என்னும் நிபந்தனையுடனேயே அவை மீண்டும் திறந்தன. அதனால் கழிவுநீரைச் சவ்வினூடே செலுத்தி, எஞ்சிய அடர் உப்புநீரை ஆவியாக்கிக் குளிரவைத்து, சோடியம் சல்பேட்டைப் படிகமாக மீட்டு மறுபடியும் சாயத்தொட்டிக்கே பயன்படுத்துகிறார்கள். இவ்வுப்பு ஏறத்தாழ 32 பாகை வெப்பத்தில் மிகுதியாகக் கரையும். அதற்குக் கீழே குளிரக் குளிரக் கரையும் திறன் விரைந்து குறையும். ஆகவே குளிர்வித்தாலே தூய படிகம் கிடைத்துவிடுகிறது. இவ்வளவும் மீட்ட பின்பும், பல உப்புகள் கலந்து நிறம் ஏறிய, யாருக்கும் வேண்டாத ஒரு கலப்புப்பு எஞ்சுகிறது. அது மூட்டைகளில் கட்டப்பட்டுக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது.

மறுபடியும் பெங்களூருக்குத் திரும்புவோம். பெள்ளந்தூர் ஏரி நுரைத்து, அந்நுரை சாலையில் பறந்ததையும், 2015-இலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் ஏரியில் தீப்பிடித்ததையும் நேயர்கள் செய்திகளில் படித்திருப்பீர்கள். நுரைக்குக் காரணம் சலவைப் பொருள்களும் சரிவரச் சுத்திகரிக்காத சாக்கடை நீரும். அந்நீரில் கரைந்து வரும் பாஸ்பேட்டே ஏரியில் ஆகாயத்தாமரை செழிக்க உரமாகிறது. பாஸ்பேட்டையும் வீழ்த்தலாம். அலுமினியம் அல்லது இரும்பு உப்பைச் சேர்த்தால் சேறாக வீழும். சாக்கடைச் சேற்றைப் புளிக்கவைத்தபின் வடியும் நீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் மிகுந்திருக்கும். அதில் மக்னீசியத்தைச் சேர்த்தால் மூன்றும் சம பங்கில் கூடி ஸ்ட்ரூவைட் என்னும் வெண்படிகம் உண்டாகிறது. சிறுநீரகக் கற்களுள் ஒரு வகையும் இதுவே. தன்னிச்சையாக விட்டால் சுத்திகரிப்பு நிலையக் குழாய்களை அடைத்துத் தொல்லை தரும். தக்க கலத்தில் வளரவிட்டால் வயலுக்கு மெல்லக் கரைந்து பயன்தரும் உரமாகும். உலகின் சில நகரங்களில் இதை மீட்டு விற்கவும் செய்கிறார்கள். வீழ்ந்தது கொட்டவேண்டிய பொருளாகாமல் விற்கத்தக்கதாக மாறும் அரிய இடங்களுள் இது ஒன்று.

பெங்களூரின் கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குகளில் சேரும் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைத்து வருகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. நெடுங்காலமாக வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின. கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. உழவர்கள் மகிழ்ந்தது உண்மை. சுத்திகரிப்பு இரண்டாம் நிலையோடு நின்றுவிடுகிறது, கரைந்துள்ள பாஸ்பேட்டையும் உலோகங்களையும் நீக்கும் மூன்றாம் நிலையும் வேண்டும் என்று கோலார் மக்களில் ஒரு சாரார் நீதிமன்றம் வரை சென்றதும் உண்மை. காவிரியின் மின்சாரத்தை முதலில் பெற்று நாட்டுக்குத் தங்கத்தைக் கொடுத்த மாவட்டத்திற்கு, பெங்களூர் பயன்படுத்திக் கழித்த நீர் இப்போது செல்கிறது. ஏரியின் அடியில் என்ன படிகிறது என்பதை ஆண்டுதோறும் எடுத்து அளந்து ஊராருக்கு அறிவிக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கையாக நமக்குத் தோன்றவில்லை.

தங்கவயல் குன்றுகளும் இனி அப்படியே கிடக்கப்போவதில்லை. பழைய முறையில் நழுவிப்போன தங்கம் அந்த மண்ணில் சிறிதளவு எஞ்சியுள்ளது. தங்கத்தின் விலையும் ஏறிவிட்டது. 1,003.4 ஏக்கரில் பரந்துள்ள 13 குன்றுகளை ஏலத்தில் விட்டு மறுபடியும் தங்கம் எடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவளித்தது. மண்ணை மீண்டும் கரைசலில் ஊறவைப்பர். கரைந்த தங்கத்தைக் கரியோ துத்தநாகமோ கொண்டு பிடிப்பர்.

இச்செய்தியை மாரிகுப்பம் நண்பருக்கு நாம் படித்துக் காட்டினோம். வேலை கிடைக்குமா என்று முதலில் கேட்டார். தங்கவயல் இளைஞர்களுக்கு ஆயிரம் பேருக்காவது கிடைத்தால் நல்லதுதான் என்றார். சற்றுப் பொறுத்து, “தங்கம் எடுத்தபின் அந்த மண்ணை எங்கே கொட்டுவார்கள், சார்?” என்றார். ஏல ஆவணத்தில் அதற்கு ஒரு பத்தி இருக்க வேண்டும். அதைத் தமிழாக்கும் வேலை இதுவரை நம் மேசைக்கு வரவில்லை.